இருப்பாய்வு காட்டாத பிழைகள்

(வணிகவியல் பயிலும் கல்லூரி மாணவர்க்கு நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வணிகவியல் கல்வி தமிழகத்திற்குப் புதியதன்று. பச்சையப்பன் அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் 1886ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய வணிகப் பள்ளியே இந்நாட்டில் அக்கல்விக்கு முதற்படி என்று பாடநூல்கள் குறிக்கின்றன. நிலத்தையும் ஆசிரியப் பணியையும் நம்பி வாழ்ந்த பல குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. என்று வணிகத் துறைப் படிப்புகளை நாடிச் செல்கின்றனர். காலையில் பேருந்தேறிச் சென்று மாலையில் திரும்பும் அப்பிள்ளைகளிடம் வீட்டார் ஆண்டுக்கு இருமுறை ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: ‘மதிப்பெண் எவ்வளவு?’

கேள்வி தவறானதன்று. ஆனால் அது போதிய கேள்விதானா என்பதே இன்றைய உரையின் பொருள். அதற்கான விடை மாணவர்களின் கணக்குப் பதிவியல் பாடநூலிலேயே இருக்கிறது.

பேரேட்டில் உள்ள கணக்குகளின் இருப்புகளையெல்லாம் பற்று ஒருபுறமும் வரவு மறுபுறமுமாக எழுதிக் கூட்டிப் பார்ப்பது இருப்பாய்வு. இருபுறமும் சமமாக வந்துவிட்டால் மாணவர் பெருமூச்சு விடுவர். ஆயினும், இருபுறமும் சமமாக வந்த இருப்பாய்விலும் பிழைகள் ஒளிந்திருக்கலாம் என்று அதே பாடம் எச்சரிக்கிறது. விடுபிழை, செய்பிழை, விதிப்பிழை, ஈடுசெய் பிழை என அவற்றை நால்வகையாகப் பிரித்தும் காட்டுகிறது. மதிப்பெண் பட்டியல் என்பது மாணவனின் இருப்பாய்வு. அது சரியாகக் கூடி வந்திருப்பது நன்று. எனினும், பணியிடத்தில் ஒருவரை உயர்த்துவதும் வீழ்த்துவதும் அப்பட்டியலில் தெரியாத அந்த நால்வகைப் பிழைகளே. அவற்றைக் கல்லூரி நாள்களிலேயே கண்டு திருத்திக்கொள்வதுதான் தொழில்முறைப் பழக்கம் எனப்படுவது.

முதலாவது, விடுபிழை.

ஒரு நடவடிக்கையை ஏட்டில் எழுதவே இல்லையென்றால் பற்றும் இல்லை, வரவும் இல்லை. இருப்பாய்வு குறைவின்றிக் கூடிவரும். மாணவ வாழ்விலும் அவ்வாறே. பேராசிரியர் அனுப்பிய மின்னஞ்சலுக்கு மறுமொழி எழுதாமை, குழுப் பணியில் தன் பங்கை ஒப்படைப்பதாகச் சொல்லி மறந்துவிடுதல், புரியாததைக் கேட்காமல் வகுப்பை விட்டு எழுந்து வருதல் ஆகியவற்றிற்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் குறைவதில்லை. ஆகவே அவை பிழையென்றே தோன்றுவதில்லை.

பணியிடத்தில் செய்யாமல் விட்ட செயலுக்கு விலை உண்டு. பெரும்பாலும் அவ்விலையை வேறொருவர் செலுத்த நேரிடுகிறது. 2017 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. முறையை எடுத்துக்கொள்ளலாம். மாதந்தோறும் விவரம் அளிக்கும் வணிகர், தம் விற்பனைப் பட்டியல்களை ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் அடுத்த மாதம் 11ஆம் நாளுக்குள் தாக்கல் செய்யவேண்டும். அவ்வாறு தாக்கலானவற்றைக் கொண்டு 14ஆம் நாளன்று வாங்குபவரின் வரி வரவுப் பட்டியல் உருவாகிறது. விற்றவர் காலந்தாழ்த்தினால், வாங்கியவர் செலுத்திவிட்ட வரிக்குரிய வரவு அம்மாதக் கணக்கில் அவருக்குக் கிடைப்பதில்லை. அவர் கைப்பணத்தை எடுத்து வரி கட்ட வேண்டியவராகிறார். குறித்த நாளில் குறித்ததைச் செய்வது வெறும் நற்பண்பு மட்டுமன்று. அது மற்றொருவருடைய பணத்தைக் காப்பதுமாகும்.

இப்பிழைக்கு மருந்து எளியது, பழையதுங்கூட. இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கிய லூகா பாசியோலி என்னும் துறவி, 1494ஆம் ஆண்டு வெனிசு நகரில் வெளியிட்ட கணித நூலில் வணிகர்க்கு மூன்று ஏடுகளைக் கூறினார். பேரேடும் குறிப்பேடும் அவற்றுள் இரண்டு. அவ்விரண்டிற்கும் முன்னதாக, அன்றாடம் நிகழ்வதை நிகழ்ந்தவுடன் எழுதிவைக்கும் நினைவேடு ஒன்று இருந்தது. வணிகவியல் மாணவனுக்கும் அத்தகைய ஏடு ஒன்று வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் குறிப்புப் புத்தகமாயினும், கைப்பேசியில் ஒரு பக்கமாயினும் சரி. யாரிடம், எதை, எந்நாளுக்குள் செய்வதாகச் சொன்னோம் என்னும் மூன்றை மட்டும் அதில் எழுதவேண்டும். இரவில் படுக்குமுன் ஒருமுறை பார்த்து, முடிந்ததை அடித்துவிட வேண்டும். முடியாது எனத் தெரிந்ததை நாள் கடக்குமுன்னரே உரியவரிடம் சொல்லிவிட வேண்டும். ‘வியாழக்கிழமை தருவதாகச் சொன்னேன், சனிக்கிழமைதான் முடியும்’ என்று செவ்வாயன்றே சொல்பவரை நம்பலாம். வெள்ளியன்று கேட்டபின் சொல்பவரை நம்ப இயலாது. இருவரும் தருவது ஒரே சனிக்கிழமைதான்.

இரண்டாவது, செய்பிழை.

4,500 ரூபாயை 5,400 என்று எழுதுவதும், ஒருவர் கணக்கில் எழுதவேண்டியதை மற்றொருவர் கணக்கில் எழுதுவதும் செய்பிழைகள். இலக்கங்களை இடமாற்றி எழுதிய பிழையைக் கண்டறியக் கணக்கர்களிடம் ஒரு வழி உண்டு. வேறுபாட்டுத் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கக்கூடும். 5,400க்கும் 4,500க்கும் உள்ள வேறுபாடு 900. அது ஒன்பதால் வகுபடுகிறது. ஆனால் முதற்பதிவிலேயே தொகை தவறியிருந்தால் இரு பக்கமும் ஒன்றுபோலத் தவறும். அப்போது வேறுபாடே எழாது. இயந்திரத்தில் கணக்கிட்டாலும் இதுவே நிலை. டேலி மென்பொருள் கூட்டலைச் சரியாகச் செய்யும். உள்ளே இட்ட எண் உண்மையானதா என்பதை அது அறியாது.

ஆகவே, கொடுக்குமுன் தானே ஒருமுறை சரிபார்த்தல் என்பது திறமைகளுள் முதன்மையானது. விரிதாளில் வரிசைக் கூட்டுத்தொகையும் நெடுவரிசைக் கூட்டுத்தொகையும் ஓரிடத்தில் வந்து ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தல், கோப்பிற்குப் பிறர் காணினும் விளங்கும் பெயரிடுதல், மின்னஞ்சலை அனுப்புமுன் இணைப்பு இருக்கிறதா, பெறுநர் பெயர் சரிதானா என நோக்குதல் ஆகியவற்றை முதலாண்டிலேயே பழகலாம். ஜி.எஸ்.டி. பதிவெண்ணில் பதினைந்து எழுத்துகளும் எண்களும் உள்ளன. முதலிரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பன. தமிழ்நாட்டிற்கு 33, புதுச்சேரிக்கு 34. ஒரு பட்டியலைக் கையில் எடுத்தவுடன் அவ்விரு இலக்கங்களை நோக்கும் கண், மாநிலத்துள் விற்பனையா மாநிலம் கடந்த விற்பனையா என்பதை உணர்ந்துவிடும். அக்கண் ஒரு நாளில் அமைவதன்று; நூறு பட்டியல்களைப் பொறுமையாகப் பார்த்தபின் அமைவது.

மூன்றாவது, விதிப்பிழை.

கடைக்கு வாங்கிய மேசை நாற்காலியைச் சொத்தாக எழுதாமல் சரக்குக் கொள்முதலில் சேர்த்துவிடுவது இவ்வகைப் பிழைக்குப் பாடநூல் தரும் சான்று. தொகை சரி, நாள் சரி, கூட்டலும் சரி. எது நிலைத்த சொத்து, எது அன்றாடச் செலவு என்னும் கொள்கை மட்டுமே பிறழ்ந்தது. மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பைப் பட்டம் பெறுவதற்கான செலவென்று மட்டுமே கருதுவதும் இத்தகைய பிழையாகும். அம்மூன்றாண்டுகள், வாழ்நாள் முழுவதும் உடன்வரும் சொத்தைச் சேர்க்கும் காலம்.

இங்கு மற்றொரு மயக்கமும் உண்டு. இறுக்கிய கழுத்துப்பட்டை, மெருகேற்றிய காலணி, மனப்பாடம் செய்த ஆங்கிலத் தொடர்கள் ஆகியவையே தொழில்முறைத் தகுதி என்று பலர் எண்ணுகின்றனர். தூய உடை வேண்டுவதே, ஆங்கிலமும் வேண்டுவதே. ஆயினும் தமிழ்வழியில் பயின்று வந்த மாணவர், தமக்கு மொழி வாய்க்கவில்லை என்று ஒதுங்கி நிற்பதைவிட, எழுதவேண்டிய செய்தியை நான்கு வரிகளில் ஒழுங்குபடுத்தக் கற்றால் பாதி வழியைக் கடந்தவராவர். எழுதுபவர் யார், எதன்பொருட்டு எழுதுகிறார், பெறுபவர் செய்யவேண்டுவது யாது, எந்நாளுக்குள் என்னும் நான்கும் தெளிவாக இருப்பின் எளிய ஆங்கிலமே போதும். அவை தெளிவாக இல்லையெனில் அணிநடையும் உதவாது.

சேர்க்கத்தக்க சொத்துகளுள் பணம் செலவின்றிக் கிடைப்பது வாசிப்பு. பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாணவர் தமக்குப் பழக்கமான பொருளைச் செய்யும் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்து, அதன் மூன்றாண்டு அறிக்கைகளை அடுத்தடுத்துப் படிக்கலாம். இருப்புநிலைக் குறிப்போடு நின்றுவிடாமல், அதன்கீழ் உள்ள குறிப்புரைகளையும் தணிக்கையாளர் அறிக்கையையும் படிக்கவேண்டும். சென்ற ஆண்டு சொன்னது இவ்வாண்டு நிறைவேறியதா என்று ஒப்பிடவேண்டும். மைய அரசின் சுவயம் தளத்தில் கணக்கியலிலும் மேலாண்மையிலும் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் கல்லூரி மாணவர்க்குத் திறன் பயிற்சி அளிக்கிறது. வாய்ப்புகள் உள்ளன. அவற்றைச் செலவுக் கணக்கில் எழுதுவதா, சொத்துக் கணக்கில் எழுதுவதா என்பது மாணவர் கையில் உள்ளது.

நான்காவதாகிய ஈடுசெய் பிழையே மிகவும் கொடியது.

ஒரு கணக்கில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் பற்று வைக்கப்பட்டு, வேறொரு கணக்கில் அதே ஆயிரம் கூடுதலாக வரவு வைக்கப்பட்டால், ஒரு பிழை மற்றொன்றை மறைத்துவிடும். ஆண்டு முழுதும் படியாத குறையைத் தேர்வுக்கு முந்திய பத்து இரவுகள் மறைப்பது இவ்வகை. அதைவிடப் பெரிய ஒன்றைக் கல்லூரிகள் அறியும். ஆனால் வெளிப்படப் பேசுவதில்லை. இறுதியாண்டில் ஆய்வுத் திட்ட அறிக்கை எழுதவேண்டும். ஐம்பது வணிகரிடமோ நூறு நுகர்வோரிடமோ வினாநிரலைக் கொடுத்து விடை பெறவேண்டும். வெயிலில் கடை கடையாக ஏறி இறங்க மனமில்லாத மாணவர் விடுதி அறையில் அமர்ந்து, நண்பர்களுடன் சேர்ந்து அத்தனை தாள்களையும் தாமே நிரப்பிவிடுவதுண்டு. ஆயத்தமான அறிக்கையை நகலகத்தில் விலைகொடுத்து வாங்குவோரும் உளர். அட்டவணைகள் அழகாக அமையும், விழுக்காடுகள் நூறாகக் கூடிவரும், மதிப்பெண்ணும் கிடைக்கும். யாருக்கும் இழப்பில்லை என்றே தோன்றும்.

ஆனால் அன்று அம்மாணவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. உண்மை கிடைக்காத இடத்தில் எண்ணை நிரப்பலாம், கூடிவந்தால் எவரும் கேளார் என்பதே அது.

2009 சனவரி 7ஆம் நாள், சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் தம் இயக்குநர் குழுவிற்கு எழுதிய கடிதத்தை நாடே படித்தது. கணக்கேடுகளில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் காட்டப்பட்டிருந்தது. அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அவர் அக்கடிதத்தில் ஒப்புக்கொண்டார். உண்மையான இலாபத்திற்கும் ஏட்டில் காட்டிய இலாபத்திற்கும் இடையே தொடக்கத்தில் இருந்தது சிறு வேறுபாடுதான் என்றும், ஆண்டுதோறும் அது வளர்ந்துவிட்டது என்றும் அவரே தெரிவித்தார். வங்கி இருப்பையும் ரொக்க ஏட்டையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் மேல்நிலைப் பள்ளி மாணவரும் படிக்கும் பாடம். அறிவில்லாமையால் அவ்வீழ்ச்சி நேரவில்லை. முதல் வேறுபாட்டை அன்றே வெளிப்படச் சொல்லாமையால் நேர்ந்தது.

நிரப்பிய வினாநிரலுக்கும் 5,040 கோடிக்கும் தொலைவு மிகுதிதான். வினாநிரலை நிரப்பிய மாணவரெல்லாம் அவ்வழியே செல்வர் என்று சொல்வது நியாயமுமாகாது. எனினும் இரண்டிலும் முதலடி ஒன்றே.

இனி, திருத்தும் முறையைக் காணலாம். அதற்கு ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவள், பி.காம். இரண்டாமாண்டு; விடுமுறையில் திண்டிவனத்து ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் பயிற்சிக்குச் செல்கிறாள். ஒரு மொத்த வணிகரின் விற்பனைப் பட்டியல்களைப் பதிவிடும் பணி அவளிடம் தரப்படுகிறது. 10ஆம் நாள் மாலை பேருந்துக்குக் கிளம்பும் நேரத்தில், ஏறத்தாழ ஒரே பெயருடைய இரு கடைகளுள் ஒன்றற்கான மூன்று பட்டியல்களை மற்றொன்றன் எண்ணில் பதிந்துவிட்டதை உணர்கிறாள். மொத்த விற்பனை மாறவில்லை. மொத்த வரியும் மாறவில்லை. மேற்பார்ப்பவர் கூட்டுத்தொகையை ஒப்பிட்டுச் ‘சரி’ என்று சொல்லியாயிற்று. அவள் வாய் திறவாதிருந்தால் மறுநாள் விவரம் தாக்கலாகிவிடும். 14ஆம் நாள், பொருள் வாங்கிய கடைக்காரர் தமக்குரிய வரி வரவைக் காணமாட்டார். யார் பிழை என்று எவர்க்கும் தெரியவராமலும் போகலாம்.

அவள் திரும்பிச் சென்று, ‘சார், மூன்று பட்டியலில் கடையை மாற்றிப் போட்டுவிட்டேன். எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இப்போதே திருத்திவிடட்டுமா?’ என்று கேட்கிறாள். கடிந்த சொல் ஒன்று கிடைக்கிறது. ஒரு பேருந்து தவறுகிறது. அரைமணி நேரத்தில் பிழை திருந்துகிறது. அவ்வளவே. ஆனால் அன்றுமுதல் அவள் ‘முடிந்தது’ என்று சொன்னால் அது முடிந்ததாகவே அவ்வலுவலகத்தில் கொள்ளப்படும். எந்தச் சான்றிதழும் தர இயலாத தகுதி அது.

அவள் கேட்ட முறையும் கருதத்தக்கது. சாக்குச் சொல்லவில்லை, அழவுமில்லை. என்ன நேர்ந்தது, எங்கே நேர்ந்தது, எவ்வாறு திருத்தலாம் என்னும் மூன்றையும் ஒருங்கே சொன்னாள். பிழையைச் சொல்லும் முறையும் பயின்று பெறவேண்டிய திறமையே.

கணக்கியலில் பிழையை அழித்து எழுதும் வழக்கமில்லை. பழைய பதிவு அப்படியே இருக்க, திருத்தப் பதிவு ஒன்று எழுதப்படும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் நிறுமங்கள், எப்பதிவு எந்நாளில் மாற்றப்பட்டது என்னும் சுவடு அழியாமல் காக்கும் மென்பொருளையே பயன்படுத்தவேண்டும் என்று விதி வந்துள்ளது. பிழை நேர்வதைச் சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை. அதன் சுவட்டை மறைப்பதையே விலக்குகிறது. மாணவர்க்கும் அதுவே நெறியாகலாம்.

இறுதியாக, பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிழை செய்தேன் என்று வீட்டில் சொல்ல அஞ்சும் பிள்ளை, அலுவலகத்தில் சொல்லத் துணிவதில்லை. மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கும் பெற்றோர், ‘இவ்வாரம் எங்கே தவறினாய், எப்படிச் சரிசெய்தாய்?’ என்றும் கேட்கலாம். விடை கேட்டபின் சினவாமலும் இருக்கலாம். கடையோ அலுவலகமோ நடத்தும் பெரியவர்கள், உறவிலும் ஊரிலும் உள்ள வணிகவியல் மாணவர் ஒருவரை விடுமுறையில் ஒரு மாதம் உடன் அமர்த்திக்கொள்ளலாம். தேநீர் வாங்கிவரச் சொல்லாமல், ரொக்க ஏட்டைக் கையில் கொடுத்து, மாலையில் கல்லாவில் உள்ள பணத்தோடு ஒப்பிடச் சொல்லலாம். பத்து ரூபாய் குறைந்தால், தம் கையிலிருந்து போட்டு நிரப்ப விடாமல், அது எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்கும்வரை உடனிருந்து தேடலாம்.

அந்தப் பத்து ரூபாயைத் தேடக் கற்ற பிள்ளையிடம் எத்தனை கோடியையும் ஒப்படைக்கலாம்.